நாற்பத்திரண்டு பொட்டலம்

மைசூரு
8-1-2026, வியாழன்

அன்பு ஜெசிக்கு,

மைசூரிலிருந்து மோகனப்ரியா. இங்கே நான், சேகரன், அஷ்வினி மூன்று பேரும் சுகம். நாகர்கோவிலில் நீயும் உன் அண்ணன் ரெஜி வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நேராக விஷயத்துக்கு வரக் கொஞ்சம் அவகாசம் கொடு.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய முந்திரிக்கொத்து பத்திரமாக வந்தது. டப்பாவைத் திறந்த கையோடு அஷ்வினி நாலை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். மிச்சத்தை இவர் பார்த்துக்கொண்டார். நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான். நல்லா இருந்துதா என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் பிரமாதம் என்று புளுகியிருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குத் தபால்காரரைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரி விடுடி, அது முடிஞ்ச கதை என்று சொல்லிவிடுவாய். நானும் அதுதான் சாக்கு என்று வாயை மூடிக்கொள்வேன். நம் இரண்டு பேர் குணமும் எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

பள்ளிக்கூடத்துச் சங்கதி சொல்கிறேன். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கல்விச் சுற்றுலா கொள்ளேகால். பட்டுத்தறி பார்த்துவிட்டு, சிவனசமுத்திரம் அருவிக்குப் போய்த் திரும்புவது. வரும் பதினேழாம் தேதி, சனிக்கிழமை. பொறுப்பாசிரியை யார் தெரியுமா? சாட்சாத் நானேதான். ஹெச்.எம். என் பெயரைப் படித்தபோது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் குனிந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்தேன்.

நாம் இரண்டு பேரும் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டு சுற்றாத ஊர் உண்டா ஜெசி? ஹளேபீடில் மழை கொட்டு கொட்டென்று கொட்ட, முப்பது பிள்ளைகளுக்கு நாலே நாலு குடை. மடிக்கேரியில் நீ சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்கும் முன்பே, மண்சரிவு எப்படி நடக்கும் என்று இப்போ புரிஞ்சுதா என்று பிள்ளைகளைக் கேட்டாயே! அந்தப் பிள்ளைகள் இப்போது காலேஜில் படிக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

சரி, போதும் சுற்றி வளைத்தது. திங்கட்கிழமை ஒப்புதல் படிவம் கொடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. மனிஷா. ஆமாம், அதே மனிஷாதான். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நாம் விட்டுவிட்டு வந்த ஆறாம் வகுப்புக் குழந்தை. இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். அன்றைக்குப் பிறகு ஒரு சுற்றுலாவுக்கும் அவளை வீட்டில் விடவில்லை.

நேற்று அவள் அம்மா மாரியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஹெப்பாளில் கட்டட வேலைக்குப் போகிறவள், அரை நாள் லீவு போட்டு வந்தாள். தமிழ்நாட்டு எல்லையில் ஹனூர்ப் பக்கத்துக்காரி, அந்தப் பேச்சு மாறவே இல்லை. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். போன் இருக்கிறது, மூன்று டீச்சர் போகிறோம், நான் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தாள். ஜெசிகா மிஸ் கூடப் போறதுன்னா அனுப்பறனுங்க, இல்லீன்னா வேண்டாமுங்க என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரே யாரைச் சொன்னதோ, அவளை நம்பித்தான் அனுப்புவேன் என்கிறாயே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: அன்னைக்குப் புள்ளையக் கூட்டியாந்து வாசல்ல நின்னு, தப்பு என்னுதுதான்னு அந்த மிஸ் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, செஞ்ச தப்பை ஒத்துக்கறவங்க மறுபடி அதைச் செய்யமாட்டாங்க என்று.

ஜெசி, அந்தத் தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது.

எழுதிவிட்டேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், கேள். வெயிலில் பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்கமாட்டார்கள், தலை எண்ணுவது பெரும்பாடு என்று நான்தானே அந்தப் பொட்டலக் கணக்கைக் கொண்டுவந்தேன்? பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை புளியோகரே சாதப் பொட்டலம் மட்டும் கட்டி ஒரு சாக்கில் போடுவது. நமக்கு வீட்டு டிபன், டிரைவருக்கு ஓட்டல். பஸ் படியில் நின்று ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தால், சாக்கு காலியானதும் எல்லோரும் ஏறியாச்சு என்று அர்த்தம். உனக்கு அது பிடிக்கவே இல்லை. தலையை எண்ணு என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, இதுவரைக்கும் ஒரு தடவையாவது தப்பியிருக்கா என்று உன் வாயை அடைத்தேன்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு பொட்டலம். தரியா தௌலத் அரண்மனையைப் பார்த்து முடித்துப் பிள்ளைகள் வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், டிரைவர் காளிதாஸ் என்னிடம் வந்தார். காலையிலிருந்து ஒரு டீயோடு வண்டி ஓட்டுகிறேன், தலை சுற்றுகிறது என்றார். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதோடு நான் அதை மறந்தே போனேன். நாற்பத்தொரு பிள்ளைகள் ஏறினார்கள், சாக்கு காலி. நீ உள்ளே வாந்தியெடுத்த பிள்ளைக்கு வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாய். எண்ணியாச்சா என்று அங்கிருந்தே கேட்டாய். நாற்பத்திரண்டும் சரி என்று நான் கத்தினேன். என்னை நம்பி நீ சுற்றுலா டைரியில் கையெழுத்துப் போட்டாய்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆற்றுச் சங்கமத்தில் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் மனிஷாவின் தோழி அழ ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளையோ அரண்மனைச் சுவரில் வரைந்திருந்த குதிரைகளை எண்ணிக்கொண்டே நின்றுவிட்டது. எண்ண வேண்டிய நான் எண்ணவில்லை. வெள்ளரிக்காய் விற்கிற தேவம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மிளகாய்ப்பொடி தூவிய துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அடையாள அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சனிக்கிழமை, பள்ளி ஆபீசில் எடுக்க ஆள் இல்லை. ஒன்றரை மணி நேரம்! நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது நீ அந்தப் பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

அன்றைக்கு எனக்கும் புரியவில்லை, சத்தியமாக. கணக்கு சரியாக இருந்ததே என்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் பஸ் ஷெட் பக்கம் போகும்போது காளிதாஸ் சிரித்துக்கொண்டே, சனிக்கிழமை நீங்க கொடுத்த புளியோகரே ரொம்ப நல்லாயித்து மேடம் என்று கன்னடம் கலந்து சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசாரணை பதினோரு மணிக்கு. எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது ஜெசி. நான் வாயைத் திறக்கவில்லை.

பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆறு வருஷம் தற்காலிகமாக ஓட்டி, அந்த ஜனவரியில்தான் வேலை நிரந்தரமாகப் போகிறது. அந்த மாதம் பார்த்து இவருடைய கம்பெனியில் ஆள் குறைத்து இவரும் வீட்டில் இருந்தார். கையெழுத்து உன்னுடையது, பொறுப்பு உன்னுடையது என்று அவர்கள் சொன்னபோது, நீ ஒரு வார்த்தை என் பக்கம் கை காட்டவில்லை. எண்ணியது மோகனப்ரியா என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டுப் போனாய். நான் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். நல்ல தோழி என்று நீ நினைத்திருப்பாய். தூ!

நாளைக்கு மாரியம்மா வீட்டுக்குப் போகப்போகிறேன். அப்புறம் ஹெச்.எம்.மிடம். என்ன ஆனாலும் ஆகட்டும். நேற்று இவரிடம் சொன்னேன். போய்ச் சொல்லிடு, சாப்பாட்டுக்கு நான் இருக்கேன் என்றார். போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். அதுவரை இதை அனுப்பமாட்டேன்.

18-1-2026, ஞாயிறு

ஜெசி, பத்து நாள் ஆகிவிட்டது. இடையில் சங்கராந்தி வந்து போனது, வீடு வீடாக எள்ளும் வெல்லமும் கொடுத்து நல்லதையே பேசு என்று சொல்லிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து யார் யாரோ அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வரிசையாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மா வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மனிஷாவும் இருந்தாள். இருவர் முன்னாலும் சொன்னேன். மாரியம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டாள். அந்தம்மா பொட்டியத் தூக்கிட்டு ஊரை விட்டுப் போறப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க என்று கேட்டாள். ஸ்டேஷனில்தான் இருந்தேன், உன்னைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு.

மனிஷாதான் இடையில் பேசினாள். கன்னடத்தில்தான் பேசினாள், அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது. அப்போ ஜெசிகா மிஸ் திரும்பி வரலாம்தானே என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு விஷயம். அதைக் கேட்டதும் மாரியம்மா புடவையை உதறிச் செருகிக்கொண்டு, இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம், ஆபீசுல வந்து சொல்லுங்க, நானும் வாரேன் என்றாள்.

சொன்னபடியே திங்கட்கிழமை காலையில் கேட்டில் நின்றாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். என்னைக் கைதி மாதிரி முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள் போ.

ஹெச்.எம். முழுதும் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பீரோவைத் திறந்து அந்த வருஷத்துச் சுற்றுலா டைரியை எடுத்துப் போட்டு, உன் கையெழுத்துக்குக் கீழேயே நடந்ததை எழுதச் சொன்னார். ஆபீஸ் காகிதம் என்பதால் கன்னடத்தில் எழுதினேன். மாரியம்மா விடவில்லை, தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். டிரைவருக்குக் கொடுத்த பொட்டலம் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. யாரும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, அதுவும் சரிதான்.

அதற்குப் பிறகு ஹெச்.எம். சொன்னதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ அங்கே இரண்டு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ பிரமாதமாகச் செய்தும் வேலை வரவில்லை, எனக்கு ராசி இல்லை என்று சொன்னாயே. ராசி இல்லாமல் இல்லை ஜெசி. அவர்கள் இங்கே போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். கவனக்குறைவு என்று இங்கிருந்து சொல்லியிருக்கிறார்கள். மூணு வருஷமா ஒரு நல்ல டீச்சரைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேனே என்று ஹெச்.எம். தலையில் கை வைத்துக்கொண்டார். பாடம் நடத்த வேண்டிய நீ கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பதற்கு நான்தான் காரணம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்த பிறகு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

நிர்வாகம் புதன்கிழமை கூடியது. உன் மேல் எழுதிய குறிப்பை ரத்து செய்துவிட்டார்கள். அந்த இரண்டு பள்ளிகளுக்கும் ஹெச்.எம். கடிதம் எழுதிவிட்டார், நகல் உனக்கு வரும். எனக்கு மெமோ. இரண்டு வருஷம் சுற்றுலாப் பொறுப்பு கிடையாது. வேலை தப்பியது, அது என் தகுதிக்கு அதிகம். பொறுப்பை நம் பி.டி. மாஸ்டர் செந்தில்நாதனிடம் கொடுத்து, என்னை மூன்றாவது ஆளாகப் போகச் சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசுகிறவர்கள், எதுக்குப் பழசைக் கிளறினே என்கிறார்கள். பேசாதவர்கள்தான் தேவலை.

நேற்று கொள்ளேகால் போய் வந்தோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். காளிதாஸ்தான் டிரைவர். அவருக்கும் விஷயம் தெரிந்து, மனுஷன் கலங்கிப்போயிருந்தார். ஏறும்போதே வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவைத் தூக்கி எனக்குக் காட்டினார். பசிச்சது உங்க தப்பா, எண்ணாம விட்டது என் தப்பு, ஒழுங்கா வண்டியை ஓட்டுங்க என்று அதட்டினேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசானது.

தறி வீட்டில் ஒரு அம்மா தமிழும் கன்னடமும் கலந்து கட்டி விளக்கினார். ஒரு புடவைக்கு எத்தனை நாள் என்று நம் தீபக் கேட்டான். உன்னை மாதிரி ஆள் இடையில் வந்து கேள்வி கேட்டால் பத்து நாள், கேட்காவிட்டால் எட்டு நாள் என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவனசமுத்திரத்தில் இந்த மாதம் தண்ணீர் இருக்குமா? பாறையில் நாலு கோடு போட்ட மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. மிஸ், அருவி எங்கே என்று ஒவ்வொருத்தனாகக் கேட்டு என் உயிரை எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் பஸ் படியில் நின்று, ஏறுகிற தலை ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினேன். ஆறு இடம், ஆறு தடவையும் முப்பத்தெட்டு. எண்ணெய் தடவிய தலை, தூசித் தலை, தொடாதீங்க மிஸ் என்று நெளிகிற தலை எல்லாவற்றையும் தொட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை ஜெசி. ஒரு நிமிஷ வேலை. அதைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

மனிஷா வரவில்லை. மாரியம்மா இப்போது என்னோடு பேசுகிறாள், ஆனால் பேச்சு மாறவில்லை. உங்களைத் திட்டி முடிச்சாச்சு, அதுக்காகப் புள்ளைய அனுப்ப முடியுமா என்கிறாள். காலையில் பஸ் கிளம்பும்போது மனிஷா கேட் வரை வந்து, தறி எப்படி இருக்கும் என்று வரைந்து கொண்டுவரச் சொல்லி ஒரு நோட்டைக் கையில் திணித்தாள். என் படம் வரைகிற லட்சணம் உனக்குத் தெரியும். தறி கட்டில் மாதிரி வந்திருக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. டிசம்பரில் ஹம்பி, இரண்டு நாள். பள்ளிக்கூட வாழ்க்கையில் அவளுக்கு அதுதான் கடைசிச் சுற்றுலா. மே மாதம் சமூக அறிவியல் டீச்சர் ஓய்வு பெறுகிறார், இடம் காலி. ஹெச்.எம். உனக்கு முறைப்படி கடிதம் அனுப்புகிறார், இந்த வாரத்திலேயே வந்துவிடும். பிப்ரவரி பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம். இந்த இடம் உனக்கு யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை. உன்னிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீ கோபப்படுவாய். படு. உனக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொல்வார்கள், இந்தத் தடவையாவது வரட்டும். வைது எழுது, போனில் திட்டு, ரெஜி அண்ணனை விட்டுத் திட்டச் சொல். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை, அதனால் கேட்கவில்லை. உன் கர்த்தர் உனக்குத் துணையாக இருப்பார். சாமுண்டியிடம் நானும் உனக்காகத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், எனக்காக இல்லை.

நீ வந்தால் ஸ்டாஃப் ரூமில் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் குட் மார்னிங் சொன்னால் பதில் சொல்ல வேண்டாம். ஆயுசுக்கும் என்னோடு பேசாமலே இரு, நான் தாங்கிக்கொள்வேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்துவிடு ஜெசி.

இப்படிக்கு,
மோகனப்ரியா